பாறையும் மூலதனமும்: இலண்டன் நிலக்கீழ்ச் சுரங்கங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நிலத்துக்கும் மனித வாழ்வுக்கும் உள்ள தொடர்பு தமிழிலக்கிய மாணவர்க்குப் புதிய பொருளன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, அவற்றின் அடியாகக் கருப்பொருளையும் உரிப்பொருளையும் வகுத்த மரபு நமக்கு நன்கு பழக்கமானது. அம்மரபை மேலோட்டமாக நோக்குவோர், நிலமே ஒழுக்கத்தைத் தீர்மானித்தது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். திணைக் கோட்பாடு பற்றி 1974இல் வெளிவந்த ஆய்வில் பேராசிரியர் கா. சிவத்தம்பி, அப்பாகுபாட்டைப் பண்டைத் தென்னிந்தியாவின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியுடன் இணைத்து நோக்கியதன் மூலம் இம்முடிவின் போதாமையைப் புலப்படுத்தினார். நிலம் தானாக எதனையும் விதிப்பதில்லை. குறிப்பிட்ட கருவிகளோடும் குறிப்பிட்ட உறவுகளோடும் அதன்மீது தொழிற்படும் மக்களுக்கே அது ஒரு குறிப்பிட்ட நிலமாகின்றது.

இதே பிரச்சினை நவீன நகரத்தின் அடியிலும் எழுகின்றது. நகரங்களின் கீழ் இயந்திரங்கொண்டு சுரங்கம் அகழ்வது பற்றிய நூல்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் பொறியியலாளரால் எழுதப்பட்டவை. அவற்றில் அடிப்பாறையே கதைத்தலைவனாகவும் பகைவனாகவும் மாறிமாறித் தோன்றுகின்றது. களிமண் நல்லதாயிருந்தமையால் இலண்டன் நிலக்கீழ்ப் பாதைகளைப் பெற்றது. மணலும் நீரும் தீயனவாயிருந்தமையால் தென் இலண்டன் அவற்றைப் பெறவில்லை. வேலை குழம்பினால் ‘எதிர்பாராத நிலம்’ காரணம் எனச் சொல்லப்படுகின்றது. இக்கூற்றுகளில் உண்மை இல்லையென நாம் வாதிடவில்லை. பாறையின் வன்மையும் நீரின் அழுத்தமும் எவரது விருப்பத்துக்கும் கட்டுப்பட்டவையல்ல. இயற்கையின் இப்புறநிலைத் தன்மையை மறுப்பது பொருள்முதல்வாதமாகாது. ஆயின் பாறை கொடுக்கும் தடை எவ்வாறு விலையாகவும் காலமாகவும் மனித உடலுக்கு நேரும் இழப்பாகவும் மாற்றப்படுகின்றது, அவ்விழப்பு எவர் தலையில் சுமத்தப்படுகின்றது என்பவை சமூக வினாக்களாகும். இலண்டன் நகரை முதன்மை உதாரணமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

புவிச்சரிதவியலாளர் ‘பாறை’ என்னும் சொல்லை வழக்கிலுள்ள பொருளினும் விரிவான பொருளிற் கையாள்வர். கருங்கல் மாத்திரமன்றி, நிலத்தின் அடித்தளமாய் அமைந்த இறுகிய களியும் அவர்களுக்குப் பாறையே. இலண்டன் ஒரு வடிநிலத்தின்மீது அமைந்த நகரம். கிண்ணம்போல் வளைந்த சோக்குப் படை அதன் அடியிற் கிடக்கின்றது. அப்படை வடக்கே சில்ரேண் குன்றுகளாகவும் தெற்கே வட டவுண்ஸ் குன்றுகளாகவும் வெளித்தோன்றும். சோக்கின்மேல் தனெற் மணல். அதன்மேல் களி, மணல், கூழாங்கல் ஆகியன விரவிய லம்பெத் தொகுதி. அதன்மேல் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த இலண்டன் களி. எல்லாவற்றுக்கும் மேலே தேம்ஸ் நதி கொணர்ந்த பரலும் மண்டியும் உள்ளன. இலண்டன் களி நகரின் மத்தியிலும் வடக்கிலும் தடித்தும், தெற்கிலும் கிழக்கிலும் பல இடங்களில் மெலிந்தும் இல்லாதொழிந்தும் காணப்படுகின்றது.

சுரங்கம் அகழ்வோருக்கு இக்களி கிடைத்தற்கரிய நிலமாகும். அது நீரை எளிதில் ஊடுருவ விடாது. கத்தியால் வெட்டத்தக்க அளவுக்கு மென்மையானது. வெட்டிய முகப்புச் சில மணி நேரம் தாங்குதலின்றி நிற்கத்தக்க அளவுக்கு வன்மையானது. அந்தச் சில மணி நேரமே சுரங்கத் தொழிலின் உயிர்நாடி. அதற்குள் தாங்குவளையத்தைப் பொருத்திவிட்டால் நகரம் மேலே நிற்கும், பொருத்தாவிடின் இறங்கும். இதற்கு மாறாக, நீர்செறிந்த மணலுக்கு அத்தகைய பொறுமை இல்லை. வெட்டப்பட்ட கணமே அது பாயத் தொடங்கும்.

நிலம் பற்றிய இந்த அறிவும் வெறும் ஆர்வத்தின் விளைபொருளன்று. வில்லியம் சிமித் 1815இல் வெளியிட்ட இங்கிலாந்தின் புவிச்சரிதவியற் படம், கால்வாய்களுக்கும் நிலக்கரிக்குமாக நிலத்தை அளந்த ஒருவரது வாழ்நாள் உழைப்பாகும். மூலதனத்தின் தேவையே அவ்வறிவைத் தோற்றுவித்தது. ஆயின் அதனைத் தோற்றுவித்தவர் 1819இல் கடனுக்காகச் சிறையிருந்தார்.

படம் வெளிவந்து பத்தாண்டுகளின் பின்னர், 1825இல், மார்க் இசம்பாட் புறூனல் தேம்ஸ் நதியின் கீழ் ரொதர்ஹைத்துக்கும் வொப்பிங்குக்கும் இடையே சுரங்கம் அமைக்கத் தொடங்கினார். 1818இல் அவர் உரிமம் பெற்றிருந்த ‘கேடயம்’ என்னும் அமைப்பு, கப்பற் பலகையைத் துளைக்கும் புழு தன் வழியைத் தானே தாங்கிச் செல்லும் முறையிலிருந்து உருவானது என்பர். பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அறைகள், ஆக 36 அறைகளில் 36 தொழிலாளர் நின்று முகப்பைப் பலகை பலகையாக அகற்றி வெட்டினர். பின்னால் செங்கல் கட்டுவோர் தொடர்ந்தனர். வாரத்துக்குச் சுமார் 8 முதல் 12 அடி வரையே வேலை நகர்ந்தது.

நதியடியில் நடத்தப்பட்ட துளையீடுகள், தொடர்ச்சியான நீலக் களிப்படை ஒன்று உண்டென்ற நம்பிக்கையைக் கொடுத்திருந்தன. ஆனால் கேடயம் சந்தித்ததோ இடையிடையே மணலும் பரலும் விரவிய நிலம். 1827 மே மாதத்தில் நதி உட்புகுந்தது. நீர்மூழ்கு மணியில் இறங்கி நதித்தரையைப் பார்த்து, களி நிரப்பிய பைகளைக் கொட்டிக் குழியை அடைத்தனர். 1828 ஜனவரியில் மீண்டும் நதி புகுந்தபோது ஆறு தொழிலாளர் இறந்தனர். பணம் தீர்ந்தது, முகப்புச் செங்கல்லால் மூடப்பட்டது. ஏழாண்டுகளின் பின் அரசாங்கக் கடனொன்றின் உதவியாலேயே வேலை மீளத் தொடங்கிற்று. 400 மீற்றருக்குட்பட்ட நீளமுடைய இச்சுரங்கம் திறக்கப்பட்டது 1843இல்.

இங்கு ஒரு விடயம் மனங்கொள்ளத்தக்கது. சுரங்கத்துட் கசிந்த நீர் வெறும் நீரன்று. அக்காலத்தில் தேம்ஸ் இலண்டனின் கழிவு வாய்க்காலாயிருந்தது. அதனுடன் வந்த நச்சு வாயுக்கள் தொழிலாளரை மயங்கச் செய்தன. கண்பார்வையைத் தற்காலிகமாகப் பறித்தன. பாறையின் வெடிப்பு இயற்கையினால் ஆனது. அவ்வெடிப்பின் ஊடாக இறங்கியதோ ஒரு சமூகம் தன் நதியை நடத்திய முறையின் விளைவு. ‘நிலத்தின் குணம்’ என்று நாம் கூறுவது பல சந்தர்ப்பங்களில் இவ்வாறு இரண்டும் கலந்த ஒன்றாகவே இருக்கக் காண்கின்றோம்.

3

‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ் இயந்திரத்தை மூன்று உறுப்புகளாகப் பகுத்தார்: இயக்கும் பொறி, இயக்கத்தைக் கடத்தும் பொறி, தொழிற்படும் கருவி. கைத்தொழிற் புரட்சியின் தொடக்கம் நீராவியன்று, மனிதன் கையிலிருந்த கருவி பொறிக்கு மாறியமையே என்பது அவர் துணிபு. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, புறூனலின் கேடயம் இன்னும் இயந்திரமாகவில்லை. அது நிலத்தைத் தாங்கிற்று. வெட்டியது தொழிலாளியின் கை. சுரங்கத் தொழிலில் கருவி கையிலிருந்து பொறிக்கு எப்போது மாறியது என்ற வினாவை எழுப்பினால், அடிப்பாறையின் உண்மையான பங்கு தெளிவாகின்றது.

அம்மாற்றம் எல்லா நிலங்களிலும் ஒருங்கே நிகழவில்லை. மென்மையும் ஒருசீர்த்தன்மையும் உடைய படைகளிலேயே அது முதலிற் கைகூடிற்று. ஆங்கிலக் கால்வாயின் கீழ் பாதையமைக்கும் முயற்சியில், 1880களின் தொடக்கத்தில் போமொன்ற் என்பவரின் பெயரால் வழங்கும் சுழல் இயந்திரம் சோக்குப் படையினுள் ஒரு மைலுக்கு மேல் துளைத்துச் சென்றது. அதனை நிறுத்தியது பாறையன்று. படையெடுப்புப் பற்றிய ஆங்கில ஆளும் வர்க்கத்தின் அச்சமாகும். 1897இல், இலண்டன் மத்திய புகையிரதப் பாதையின் வேலையில், ஜோன் பிறைஸ் வடிவமைத்த சுழல் அகழ்பொறி இலண்டன் களியில் பயன்படுத்தப்பட்டது. கடும்பாறைக்கு மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1956இல் கனடாவின் ரொறொன்ரோ நகரில் ஹம்பர் நதிக் கழிவுநீர்ச் சுரங்கத்தை அகழ்ந்தபோது, ஜேம்ஸ் றொபின்ஸ் வடிவமைத்த இயந்திரம் உருளும் வட்டத் தகடுகளை மாத்திரமே கொண்டு, மணற்கல்லும் மாக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த நிலத்தைத் துளைத்தது. தகட்டின் விளிம்பு பாறையை அரிவதில்லை. பெரும் அழுத்தத்துடன் உருண்டு, அடுத்தடுத்த தடங்களுக்கிடையே பாறையைச் சில்லுச் சில்லாய்ப் பெயர்க்கின்றது. இன்றைய கடும்பாறை இயந்திரங்கள் யாவும் இத்தத்துவத்தின் வழிவந்தனவே.

ஆகவே சோக்கு, களி, கடும்பாறை என்ற வரிசை, கை இயந்திரத்துக்கு இடங்கொடுத்த வரலாற்று வரிசையுமாகும். இது பாறை வரலாற்றின்மீது செலுத்தும் மெய்யான செல்வாக்கு.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வன்மையைக் காட்டிலும் கலப்பே இயந்திரத்துக்குப் பெரும் இடர். முகப்பின் மேற்பாதி மணலாகவும் கீழ்ப்பாதி கல்லாகவும் இருப்பின், சுழலும் தலை ஒரு சுற்றுக்குள்ளேயே இருவேறு நிலங்களை எதிர்கொள்கின்றது. மேலே மணல் அளவுக்கு மிஞ்சி உள்ளே வர, கீழே தகடுகள் அதிர்ந்து உடையும். கையால் அகழ்பவன் நிலம் மாறும்போது தன் கருவியையும் வேகத்தையும் மாற்றிக்கொள்வான். அவன் நிலத்தை வாசித்துக்கொண்டே வெட்டுகின்றான். இயந்திரமோ ஒருவகை நிலத்துக்கென முன்கூட்டியே ஆக்கப்பட்டது. தொழிலாளியின் கையிலிருந்த கருவி பொறிக்கு மாறியபோது, அவனிடமிருந்த நிலவாசிப்பும் துளையீட்டு அறிக்கைக்கு மாறிற்று. அதன்பின் நிலம் பற்றிய அறிவு பணங் கொடுத்துப் பெறப்படுவதும், மறைக்கப்படக்கூடியதும், வழக்காடப்படுவதுமான ஒரு பண்டமாயிற்று.

நியூயோர்க் இதற்கு நல்ல உதாரணம். மன்ஹாட்டனின் அடியிலுள்ள உருமாறிய பாறை வன்மையானது. இடத்துக்கிடம் மடிந்தும் வெடித்தும் கிடப்பது. 2010இல் இரண்டாம் அவெனியூவின் கீழ் இயந்திரம் இறக்கப்பட்டபோது, அது புறப்படும் வட முனையிற் பாறையின் மேற்பரப்புத் தாழ்ந்து மென்மண் இடையிட்டது. கடும்பாறைக்கென ஆக்கப்பட்ட இயந்திரம் அதனூடு செல்வதற்காக மண்ணையே உறையவைத்துக் கல்லாக்க வேண்டியதாயிற்று.

கடும்பாறையின் கனிமம் உடலினுள்ளும் புகும். நகர்ச் சுரங்கம் அன்றெனினும், மேற்கு வேர்ஜீனியாவின் ஹோக்ஸ் நெஸ்ற் சுரங்கத்தை இங்கு குறிப்பிடாது விடவியலாது. 1930-31இல் அங்கு சிலிக்கா மிகுந்த பாறையை உலர்நிலையிற் துளைத்த நூற்றுக்கணக்கான தொழிலாளர் நுரையீரல் நோயால் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். அமெரிக்கக் கவிஞர் மியூரியல் றூக்கைசர் 1938இல் வெளியிட்ட கவிதைத் தொடர் இதனைப் பொருளாகக் கொண்டது. நீர் தெளித்துத் துளைப்பது தூசியைக் குறைக்கும் என்பது அன்றும் அறியப்பட்டதே. பாறையில் சிலிக்கா இருந்தமை இயற்கை; உலர்ந்த துளையீடு கணக்கு.

4

இலண்டன் களி ஐந்து கோடி ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. அதனுள் நகரப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1890இல். இவ்விடைவெளியைக் களியினால் விளக்க முடியாது.

1863இல் திறக்கப்பட்ட முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை, வீதியைத் தோண்டி, பாதையமைத்து, மீள மூடும் முறையில் ஆழமின்றி அமைக்கப்பட்டது. ஆழமான களிக்குள் நீராவி எஞ்சினை ஓட்டவியலாது. புகை வெளியேற வழியில்லை. 1869-70இல் இலண்டன் கோபுரத்தருகே, பீற்றர் பார்லோவின் திட்டப்படி ஜேம்ஸ் ஹென்றி கிறேற்ஹெட் தேம்ஸின் கீழ் ஒரு சிறிய சுரங்கத்தை அமைத்தார். சுமார் 7 அடி விட்டமுடைய அச்சுரங்கம் முற்றிலும் களிக்குள் சென்றது. வட்ட வடிவக் கேடயம், வார்ப்பிரும்பு வளையங்கள் ஆகியவற்றின் துணையால் வேலை ஓராண்டளவில் நிறைவெய்திற்று. புறூனலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்த நதிக்கடப்பு, வேறொரு படையில் வேறொரு கருவியால் இவ்வாறு எளிதாயிற்று. கிறேற்ஹெட் இதனைச் செம்மைப்படுத்திய பின்னர், ஸ்ரொக்வெல்லிலிருந்து நகர மத்திக்குச் செல்லும் பாதையின் வேலை 1886இல் ஆரம்பமாயிற்று. கம்பிவடத்தால் இழுக்கும் திட்டம் இடையிற் கைவிடப்பட்டு மின்விசை ஏற்கப்பட்டது. 1890 டிசெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இப்பாதையே உலகின் முதலாவது ஆழ்நில மின்சாரப் புகையிரதப் பாதையாகும். களி, வார்ப்பிரும்பு, மின்சாரம், கூட்டுப் பங்கு மூலதனம் ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்த கணத்திலேயே களி ‘நல்ல நிலம்’ ஆயிற்று.

நில உடைமையும் இதில் தன் பங்கைப் பெற்றது. நிலத்தின் சொந்தக்காரன் அதன் அடியாழத்துக்கும் சொந்தக்காரன் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டக் கொள்கை. தனியார் கட்டடங்களின் கீழ்ச் செல்லும் உரிமைக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தமையால், பாதை பொதுவீதிகளின் கீழேயே சென்றது. வீதி குறுகிய இடங்களில் ஒரு சுரங்கத்தின்மேல் மறு சுரங்கம் அமைக்கப்பட்டது. வீதி வளைந்த இடங்களிற் சுரங்கமும் வளைந்தது. நகர மத்தியிலிருந்த கிங் வில்லியம் வீதி நிலையத்தின் செங்குத்தான ஏற்றமும் வளைவும் ஓட்டத்துக்குத் தடையாகி, அந்நிலையம் பத்தே ஆண்டுகளில், 1900இல், கைவிடப்பட்டது. கீழே எத்திசையிலும் ஒரே சீரான களி. ஆயினும் அதனுள் சென்ற கோடு மேலேயுள்ள சொத்துரிமையின் நிழலாகவே அமைந்தது. 1892இல் பாராளுமன்றக் கூட்டுக்குழு பொதுவீதிகளின் கீழ்ச் செல்லும் உரிமையை இலவசமாக வழங்கப் பரிந்துரைத்ததும், அமெரிக்க நிதியாளர் சாள்ஸ் யேர்க்ஸ் திரட்டிய மூலதனத்தால் 1906-07இல் மூன்று பாதைகள் திறக்கப்பட்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

1890இன் பாதை திறக்கப்பட்டு ஐந்தாண்டுகளில் எச்.ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’ வெளிவந்தது. நிலத்தின் கீழ் உழைக்கும் ஓர் இனமும் மேலே களித்திருக்கும் ஓர் இனமுமாக மனிதகுலம் பிளவுண்ட எதிர்காலத்தைக் கற்பித்த அந்நாவல், இலண்டனின் நிலக்கீழ்ப் பாதைகளையே அப்போக்கின் முன்னறிகுறியாக வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றது. களியினுள் வர்க்கத்தைக் கண்டவர்களுள் கலைஞனும் ஒருவன்.

5

இனி, தென் இலண்டன் பற்றிய வினாவுக்கு வருவோம். இலண்டனின் நிலக்கீழ்ப் பாதைகளிற் பெரும்பாலானவை தேம்ஸுக்கு வடக்கே அமைந்துள்ளன. தெற்கே களி மெலிவு, நீர்செறிந்த மணல் மிகுதி; ஆகவே அங்கு சுரங்கம் இல்லை என்பதே பரவலான விளக்கம்.

இவ்விளக்கம் நிலத்தைப் பொறுத்தவரை பிழையன்று. ஸ்ரொக்வெல் பக்கத்தில் நீர்ப்பரலைச் சந்தித்தபோது கிறேற்ஹெட் அமுக்கக் காற்றைச் செலுத்தியே வேலை செய்ய நேர்ந்தது. அமுக்கக் காற்று நீரைத் தள்ளி நிறுத்தும். அதேவேளை தொழிலாளியின் குருதியில் நைதரசனை ஏற்றும். அழுத்தம் திடீரெனக் குறையும்போது மூட்டுகளை முறுக்கி, சில வேளைகளில் உயிரையும் பறிக்கும். நியூயோர்க்கின் ஹட்சன் நதிச் சுரங்கத்தில் இறப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 25 என்ற அளவில் இருந்ததாகவும், 1890 அளவில் மருத்துவ அழுத்த அறையொன்றை நிறுவியபின் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழாக வீழ்ந்ததாகவும் பொறியியலாளர் ஏணஸ்ற் மொயர் எடுத்துரைத்தார். அவ்வறை ஓர் இரும்பு உருளையன்றி வேறில்லை. நிலம் மாறவில்லை, நதி மாறவில்லை, ஓர் உருளைக்கான செலவு ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆயின் தென் இலண்டனுக்குச் சுரங்கம் எட்டாமைக்கு நிலம் மட்டுமே காரணமெனின், சில உண்மைகள் விளக்கமின்றி எஞ்சுகின்றன. முதலாவது ஆழ்நிலப் பாதையே தெற்கிலுள்ள ஸ்ரொக்வெல்லிலிருந்துதான் புறப்பட்டது. தெற்கில் 1836 முதலே நிலமேற் புகையிரதப் பாதைகள் அடர்ந்து பரவியிருந்தன. நீண்டதூரச் சரக்கு வருமானம் குறைந்த அக்கம்பனிகள் புறநகர்ப் பயணிகளையே பெரிதும் நம்பியிருந்தமையால், 1909 முதல் தம் பாதைகளை மின்மயமாக்கித் தமது சந்தையைக் காத்துக்கொண்டன. 1926இல் மோடன் வரை சுரங்கப்பாதை நீட்டப்பட்டபோது, தென் புகையிரதக் கம்பனி அதனை எதிர்த்துப் பேரம் பேசியது. பாதை மோடனுடன் நின்றது. போட்டியிடும் மூலதனங்களுக்கிடையே வரையப்பட்ட இவ்வெல்லையைப் புவிச்சரிதவியல் எல்லையென வாசிப்பது வசதியானது. ஏனெனில் பாறைக்கு எவரும் பொறுப்பாளியல்லர்.

இதன் மறுதலையும் நிகழ்ந்தது. 1990களில், கைவிடப்பட்ட கப்பற்றுறைப் பகுதி நிதி மூலதனத்தின் புதிய மையமாக்கப்பட்டபோது, ஜூபிலி பாதை தேம்ஸின் தென்கரை வழியாகக் கிழக்கே நீட்டப்பட்டு 1999இல் திறக்கப்பட்டது. நூற்றாண்டுக் காலம் ‘தீய நிலம்’ எனப்பட்ட லம்பெத் தொகுதியையும் தனெற் மணலையும், முகப்பிலுள்ள மண்ணையே அழுத்தத்தில் நிறுத்தி நீரைத் தடுக்கும் மூடிய இயந்திரங்கள் துளைத்துச் சென்றன. தொழில்நுட்ப வளர்ச்சி இதனைச் சாத்தியமாக்கியது உண்மை. ஆனால் அதன் விலையைக் கொடுக்கத் தீர்மானிக்கச் செய்தது, பாதை சென்றடைந்த இடத்தின் வர்க்கப் பெறுமதியாகும்.

இத்தகைய புவிச்சரிதவியல் நிர்ணயவாதம் இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. மன்ஹாட்டனின் வானளாவிகள் இரு இடங்களிற் குவிந்து நிற்பதற்கு அவ்விடங்களில் அடிப்பாறை மேலே வந்திருப்பதே காரணம் என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. ஜேசன் பார் முதலிய பொருளியலாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அடிப்பாறையின் ஆழம் அக்குவிவில் மிகச் சிறிய பங்கையே வகித்தது எனக் காட்டியது.

6

சென்ற சில தசாப்தங்களில் இப்பிரச்சினை ஒப்பந்தப் பத்திரத்தினுள் புகுந்துள்ளது. துளையீடுகள் பல மீற்றர் இடைவெளியில் இடப்படுபவை. அவற்றுக்கிடையே உள்ளது ஊகம். ஊகம் பொய்க்கும்போது நட்டம் உரிமையாளருடையதா, ஒப்பந்தக்காரருடையதா என்பதே வழக்குகளின் மையப்பொருள். ஆனால் இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாவது தரப்பொன்று உண்டு. முகப்பில் நிற்பவரும் மேலே வாழ்பவரும் அந்தப் பத்திரத்தில் ஒப்பமிடுவதில்லை.

1994 ஒக்ரோபரில் இலண்டன் ஹீத்றோ விமான நிலையத்தின் கீழ், தெளிப்புக் கொங்கிறீற்று முறையில் அமைக்கப்பட்டுவந்த சுரங்கங்கள் இடிந்து வீழ்ந்தன. அந்நிலம் வேறெதுவுமன்று, எல்லாரும் போற்றிய அதே இலண்டன் களி. 1999இல் நீதிமன்றம் பெருந்தொகை அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு வெளியான அரச விசாரணை அறிக்கை வேலை ஒழுங்கமைப்பின் தோல்வியையே சுட்டியது. நல்ல பாறையும் கெட்ட நிருவாகத்தை மன்னிப்பதில்லை.

ஜூபிலி பாதையின் வெஸ்ற்மினிஸ்ரர் நிலையம் அகழப்பட்டபோது, அருகிலுள்ள பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரம் சாயாதிருக்க, அதன் அடியிலுள்ள களியினுட் குழாய்கள் இறக்கப்பட்டு, இடைவிடாது அளக்கப்பட்ட சாய்வுக்கேற்பச் சீமெந்துக் கூழ் செலுத்தப்பட்டது. கோபுரம் சில சென்ரிமீற்றர் அளவுக்குட்பட்டே சாய்ந்தது. நிலத்தின் அசைவை முன்னறிந்து, உடனுக்குடன் ஈடுசெய்யும் வல்லமை மனிதனுக்கு உண்டென்பதை இது நிறுவுகின்றது. 2012 தொடக்கம் எட்டு இயந்திரங்கள் இலண்டனின் கீழ் 42 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தை அகழ்ந்தன. களிக்கும் மணலுக்கும் ஆறு, நீர்செறிந்த சோக்குக்கு வேறுவகைப்பட்ட இரண்டு என இயந்திரங்கள் படைகளுக்கேற்பத் தெரியப்பட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் பெண்பெயர் சூட்டப்பட்டது. 2014 மார்ச்சில் அதே திட்டத்தில், கையால் வேலை நடந்த ஓரிடத்தில், புதிதாகத் தெளித்த கொங்கிறீற்று வீழ்ந்து சிலோவாக்கியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் இறந்தார். இயந்திரம் புகாத மூலையில் இன்னமும் கையே முன்னிற்கின்றது. அக்கை பெரும்பாலும் தூரதேசத்திலிருந்து வந்த கையாகவே உள்ளது.

7

இவ்வினா நமது நாட்டுக்குத் தொலைவானதன்று. ஊமா ஓயாவின் நீரை மலைக்குள்ளாகத் தென்கிழக்கே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பவும், நிலக்கீழ் நிலையத்தில் 120 மெகாவாற் மின்சாரம் பெறவும் அமைக்கப்பட்ட திட்டத்தின் நீண்ட சுரங்கம், பண்டாரவளைப் பிரதேசத்தின் அடியால் இயந்திரங்கொண்டு அகழப்பட்டது. இலண்டனின் களியோ மணலோ இங்கில்லை. மலைநாட்டின் அடிப்பாறை தொன்மையான உருமாறிய பாறை. கருங்கல்லென நாம் பொதுவில் வழங்கும் பலவகைக் கற்களும் படிகக்கல்லும் பளிங்குக்கல்லும் அதில் உண்டு. கல்லின் உடல் நீரை விடாது. ஆனால் அதன் வெடிப்புகளும் பிளவு வலயங்களும் நீரைத் தாங்கி நிற்கும். மலைச்சரிவில் உள்ள ஊற்றும் கிணறும் அவ்வெடிப்புகளின் மேல்வாய்களே. ஆழத்தில் ஒரு பிளவு வலயத்தைச் சுரங்கம் வெட்டினால், அது மலைக்குள் இடப்பட்ட வடிகாலாகிவிடும்.

2014 டிசெம்பரில் அதுவே நிகழ்ந்தது. சுரங்கத்துள் நீர் பெருகிப் பாய்ந்தது. 2017இல் மீண்டும் பெருகிற்று. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, நிலம் இறங்கியது, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்புக் கண்டது. விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் வாழும் பிரதேசமது. 2017இல் பண்டாரவளையில் மக்கள் திரண்டு ஆர்ப்பாட்டஞ் செய்தனர். நட்டஈடு, குடிநீர் விநியோகம் ஆகியன பற்றிய தீர்மானங்கள் அதன்பின் தொடர்ந்தன. வெடிப்புகளை அடைத்து முடிக்கப்பட்ட திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது.

வெஸ்ற்மினிஸ்ரரின் கோபுரத்தையும் பண்டாரவளையின் வீட்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, இரண்டுக்கும் வேறுபாடு பாறையில் மட்டும் இல்லை என்பது தெளிவாகும். கோபுரத்தின் சாய்வு முன்னரே கணிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, செலவு ஏற்கப்பட்டது. வீட்டின் வெடிப்போ உரியவர் வீதிக்கிறங்கிக் காட்டிய பின்னரே பொதுப் பிரச்சினையாயிற்று. சுரங்கத்தின் பயன் ஓரிடத்துக்கும், அதன் நீரிழப்பு வேறோரிடத்துக்கும் செல்லும்போது, ‘எதிர்பாராத நிலம்’ என்னும் தொடர் எவரால் எதிர்பார்க்கப்படவில்லை என்பதைச் சொல்லாது விடுகின்றது.

8

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். அடிப்பாறை சுரங்கத்தின் மெய்யான எல்லையாகும். எந்தக் கருவி எப்போது கையிலிருந்து பொறிக்கு மாறும், எந்த இயந்திரம் எந்த நிலத்தில் முடங்கும் என்பவற்றில் அதன் செல்வாக்கு மறுக்கவியலாதது. ஆனால் அவ்வெல்லை நேரடியாக வரலாறாவதில்லை. சொத்துரிமை, போட்டியிடும் கம்பனிகள், அரச கடன், ஒப்பந்தம், உழைப்பின் விலை ஆகியவற்றின் ஊடாகவே அது வரலாறாகின்றது. நிலத்தின்மீது பழியைப் போடும் எழுத்து, இவ்விடைநிலைகளை மறைக்கின்றது. நிலத்தை முற்றாக மறக்கும் எழுத்தோ, முகப்பில் நின்றவன் எதனோடு போராடினான் என்பதையே மறந்துவிடுகின்றது. முற்போக்குத் திறனாய்வு இவ்விரு வழுக்களையும் தவிர்த்தல் வேண்டும்.

நடைமுறை சார்ந்த ஒரு முடிவும் இதிலிருந்து பெறப்படுகின்றது. இயந்திரத்தின் வருகையால் நிலவாசிப்பு தொழிலாளியின் கையிலிருந்து அறிக்கைக்கு மாறியதென மேலே கண்டோம். அவ்வறிக்கை சுரங்கத்தின் மேல் வாழ்வோரின் மொழியில், வேலை தொடங்குமுன்னரே, அவர்கள் கைக்குக் கிடைத்தல் வேண்டும். எந்த ஊற்று வற்றக்கூடும், எந்தச் சரிவு இறங்கக்கூடும், அவ்வாறு நேரின் பொறுப்பு யாருடையது என்பன அதில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். துளையீட்டுக் கோலிற் கிடைத்த கல்லை வாசிக்கும் உரிமை, அக்கல்லின்மேல் வீடு கட்டியிருப்பவனுக்கும் உண்டு.